ஆங்கில எழுத்தில் கருத்துகளை இணைக்கும் சொற்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஓர் ஆங்கிலப் பத்தியை வாசித்து முடித்த பிறகும், அது என்ன சொல்ல வருகிறது என்பது பிடிபடாமல் போவதுண்டு. வாக்கியங்கள் தனித்தனியே சரியாக இருக்கும். ஆனால் முந்தைய வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’, ‘ஃபார் எக்ஸாம்பிள்’ போன்ற இணைப்புச் சொற்கள் அந்தச் சுமையைக் குறைப்பதற்காகவே இருக்கின்றன. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, பத்தி முழுவதும் தூவிவிட்டால் எழுத்து கோவையாகிவிடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையை முதலிலேயே கைவிட வேண்டும். இரண்டு கருத்துகளுக்கு இடையே ஏற்கெனவே இருக்கும் உறவைத்தான் இணைப்புச் சொல்லால் வெளிப்படுத்த முடியும். இல்லாத உறவை அதனால் உண்டாக்க முடியாது.

தேர்வு எழுதுவோருக்கும் இது பொருந்தும். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சம எடையுள்ள நான்கு அளவுகோல்களில் ஒன்று, கருத்தின் ஒழுங்கையும் வாக்கியங்களின் இணைப்பையும் பார்க்கிறது. அதற்கான மதிப்பீட்டு விளக்கத்தில் இணைப்புச் சொற்கள் குறைவாக வருவதைப் போலவே மிகுதியாக வருவதும் இயந்திரத்தனமாக வருவதும் குறைகளாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே எத்தனை சொற்கள் தெரியும் என்பதைவிட, எந்த இடத்தில் எது வேண்டும் என்று கண்டுபிடிக்கும் முறையைப் பழகிக்கொள்வதே பயன் தரும்.

படி 1: சொல்லைத் தேடுவதற்கு முன் உறவைக் கண்டுபிடியுங்கள்

ஓர் அலுவலக அறிக்கையில் வரக்கூடிய இந்த ஐந்து வாக்கியங்களைப் பாருங்கள்:

‘தி நியூ மெஷின் அரைவ்ட் இன் மார்ச். தி ஆபரேட்டர்ஸ் ஹேட் நாட் பீன் ட்ரெய்ன்ட். ப்ரொடக்ஷன் ஃபெல். தி மேனேஜர் ப்ளேம்ட் தி மெஷின். இட் வாஸ் ஒர்க்கிங் பெர்ஃபெக்ட்லி.’

புதிய இயந்திரம் மார்ச்சில் வந்தது, அதை இயக்குபவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை, உற்பத்தி சரிந்தது, மேலாளர் இயந்திரத்தைக் குறை சொன்னார், அதுவோ நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. செய்தி முழுவதும் இதில் இருக்கிறது, ஆனால் எது எதற்குக் காரணம், எழுதுபவர் யார் பக்கம் நிற்கிறார் என்பவை வெளியே தெரியவில்லை.

இந்த ஐந்து வாக்கியங்களுக்கு இடையே நான்கு சந்திப்புகள் உள்ளன. ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, இங்கே தமிழில் என்ன சொல் போடுவேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அதாவது’, ‘மேலும்’, ‘உண்மையில்’, ‘பிறகு’ ஆகிய ஆறையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் பெரும்பாலான உறவுகள் பிடிபட்டுவிடும். முதல் சந்திப்பில் ‘ஆனால்’ பொருந்துகிறது: இயந்திரம் வந்துவிட்டால் பயிற்சியும் முடிந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம், அந்த எதிர்பார்ப்பு பொய்க்கிறது. இரண்டாவதில் ‘அதனால்’. மூன்றாவதில் எதுவுமே தேவையில்லை. உற்பத்தி சரிந்ததும் மேலாளர் எதையோ குறை சொல்வது இயல்பான தொடர்ச்சிதான். நான்காவதில் ‘உண்மையில்’: மேலாளரின் கூற்று திருத்தப்படுகிறது. இப்போது ஆங்கிலத்துக்குத் திரும்பலாம்:

‘தி நியூ மெஷின் அரைவ்ட் இன் மார்ச், பட் தி ஆபரேட்டர்ஸ் ஹேட் நாட் பீன் ட்ரெய்ன்ட். அஸ் எ ரிஸல்ட், ப்ரொடக்ஷன் ஃபெல். தி மேனேஜர் ப்ளேம்ட் தி மெஷின். இன் ஃபேக்ட், இட் வாஸ் ஒர்க்கிங் பெர்ஃபெக்ட்லி.’

நான்கு சந்திப்புகளுக்கு மூன்று இணைப்புகள் போதுமானவையாக இருந்தன. மூன்றாவது சந்திப்பில் கைப்பழக்கத்தால் ‘தேர்ஃபோர்’ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தேர்ஃபோர், தி மேனேஜர் ப்ளேம்ட் தி மெஷின்’ என்று எழுதியதும், மேலாளர் வந்த முடிவு நியாயமானதுதான் என்று எழுதுபவரே ஒப்புக்கொள்வது போன்ற சாயல் ஏறிவிடுகிறது. அடுத்த வாக்கியம் அதற்கு நேர்மாறாகப் போகிறது. தேவையில்லாத இடத்தில் வைத்த இணைப்புச் சொல், வாதத்தையே இப்படித் திசைதிருப்பக்கூடும்.

தமிழ்ச் சொல் எதுவுமே பொருந்தாத சந்திப்புகளும் வரும். அங்கே வாக்கியங்களின் வரிசை தவறியிருக்கும், அல்லது இடையில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கும். அதை ‘மோரோவர்’ போட்டு மூடிமறைக்காமல், விடுபட்ட வாக்கியத்தை எழுதிச் சேருங்கள்.

படி 2: நான்கு வகை உறவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் ஆங்கில உரையின் கோவையை விரிவாக ஆராய்ந்தபோது, இணைப்புச் சொற்கள் காட்டும் உறவுகளைச் சேர்த்தல், எதிர்மறுத்தல், காரண காரியம், கால வரிசை என நான்காகப் பிரித்தார்கள். நடைமுறைக்கு இந்தப் பகுப்பு இன்றும் போதுமானது. எந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றாலும், அது இந்த நான்கில் எங்கே உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு அதே வீட்டில் இருக்கும் மற்ற சொற்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. ஒரே வரிசையில் அச்சிடப்பட்டிருப்பதால் ‘ஹவெவர்’, ‘ஆன் தி கான்ட்ரரி’, ‘வேர்அஸ்’ மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறார்கள்.

படி 3: சொல்லின் இலக்கண வகையை அறிந்து நிறுத்தக்குறி இடுங்கள்

பொருள் சரியாக இருந்தும் வாக்கியம் பிழையாகிவிடும் இடம் இதுதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரே உறவைக் காட்டும் ஆங்கிலச் சொற்கள் இலக்கணத்தில் வெவ்வேறு வகைகளைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ‘களைப்பாக இருந்தேன், ஆனாலும் அறிக்கையை முடித்தேன்’ என்ற ஒரே கருத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

முதலாவது: ‘ஐ வாஸ் டயர்ட், பட் ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்.’ இங்கே ‘பட்’ இரண்டு முழு வாக்கியங்களைச் சம நிலையில் இணைக்கிறது. ‘ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ’ ஆகிய ஏழும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரு பக்கமும் முழு வாக்கியமாக இருந்தால் இணைப்புச் சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி வரும், பின்னால் வராது.

இரண்டாவது: ‘ஆல்தோ ஐ வாஸ் டயர்ட், ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்.’ இங்கே ‘ஆல்தோ’ தன்னோடு வரும் வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கிவிடுகிறது. அதனால் அது இனி தனித்து நிற்க முடியாது. ‘பிகாஸ்’, ‘ஸின்ஸ்’, ‘வைல்’, ‘அன்லெஸ்’, ‘இஃப்’, ‘வென்’ எல்லாம் இப்படித்தான். சார்பு வாக்கியம் முதலில் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இட வேண்டும். பின்னால் வந்தால் ‘பிகாஸ்’ போன்றவற்றுக்கு முன் பெரும்பாலும் தேவையில்லை. ‘பிகாஸ் தி சர்வர் வாஸ் டவுன்.’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது முடியாத வாக்கியம். பேச்சில் கேள்விக்குப் பதிலாக வரலாம், அறிக்கையில் வரக்கூடாது.

மூன்றாவது: ‘ஐ வாஸ் டயர்ட்; ஹவெவர், ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்.’ ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’, ‘மோரோவர்’, ‘நெவர்தலெஸ்’, ‘கான்ஸிக்வென்ட்லி’, ‘அதர்வைஸ்’ போன்றவை வினையடைகள். பொருளளவில் இவை கருத்துகளை இணைத்தாலும், இலக்கண அளவில் இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் வலு இவற்றுக்கு இல்லை. ஆகவே இவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஹவெவர்’ போன்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி இடுவது வழக்கம். அதை விட்டுவிட்டு ‘ஹவெவர் ஹார்ட் ஹீ ட்ரைஸ்’ என்று எழுதினால் ‘அவர் எவ்வளவுதான் முயன்றாலும்’ என்று பொருளே வேறாகிவிடும். ‘ஐ வாஸ் டயர்ட், ஹவெவர் ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்’ என்று இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது ஆங்கிலத்தில் மிகப் பரவலான பிழைகளில் ஒன்று.

நான்காவது: ‘டிஸ்பைட் மை டயர்ட்னஸ், ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்.’ ‘டிஸ்பைட்’, ‘பிகாஸ் ஆஃப்’, ‘ட்யூ டு’, ‘இன் அடிஷன் டு’ ஆகியவற்றின் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ என்று முடியும் வினைவடிவமோ வரவேண்டும்: ‘டிஸ்பைட் பீயிங் டயர்ட்’ சரி, ‘டிஸ்பைட் ஐ வாஸ் டயர்ட்’ பிழை. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ உண்டு. ‘டிஸ்பைட்’ என்பதற்கு அது கிடையாது.

ஒரு சொல் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதை நகர்த்திப் பாருங்கள். ‘ஹவெவர்’ தன் வாக்கியத்துக்குள் இடம் மாறும்: ‘ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட், ஹவெவர்.’ ‘பட்’ அசையாது. ‘ஆல்தோ’ தனியாக நகராது, ஆனால் தன் சார்பு வாக்கியத்தை முழுவதும் தூக்கிக்கொண்டு முதன்மை வாக்கியத்தின் முன்னாலும் பின்னாலும் போகும்.

படி 4: தமிழ்ப் பழக்கம் ஆங்கிலத்துக்குள் நுழையும் இடங்களைக் கவனியுங்கள்

தமிழில் இணைப்பு, பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது: ‘பெய்ததால்’, ‘பெய்தாலும்’, ‘பெய்தபோது’. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் சொல் சார்பு வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. இந்த இட மாற்றத்தால் இரண்டு விளைவுகள் உண்டு.

ஒன்று, இரட்டிப்பு. ‘மழை பெய்தாலும்கூட, ஆனால் ஆட்டம் தொடர்ந்தது’ என்று தமிழ்ப் பேச்சில் சில நேரம் சொல்லிவிடுவதைப் போல, ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் தி மேட்ச் கன்டின்யூட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஆல்தோ’ வந்துவிட்டால் ‘பட்’ வரக்கூடாது. ‘பிகாஸ்’ வந்துவிட்டால் ‘ஸோ’ வரக்கூடாது. அழுத்தம் வேண்டுமானால் ‘தி மேட்ச் ஸ்டில் கன்டின்யூட்’ என்று எழுதலாம், ஏனெனில் ‘ஸ்டில்’ வினையடை மட்டுமே.

மற்றொன்று, வரிசை. தமிழில் காரணம் முன்னாலும் விளைவு பின்னாலும் வருவதே இயல்பு என்பதால், ஆங்கிலத்திலும் எல்லா வாக்கியங்களையும் ‘பிகாஸ்’ அல்லது ‘ஸின்ஸ்’ கொண்டு தொடங்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அது பிழையில்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தில் வாசிப்பவர் முதலில் அறிய விரும்புவது முடிவைத்தான். ‘வி ஹேவ் போஸ்ட்போன்ட் தி மீட்டிங் பிகாஸ் தி ரிப்போர்ட் இஸ் நாட் ரெடி’ என்று கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதை முதலிலும் காரணத்தைப் பின்னாலும் சொல்வது அங்கே சிறப்பு.

‘அண்ட்’, ‘பட்’ கொண்டு ஆங்கில வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று பள்ளியில் சொல்லப்படும் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்படி ஓர் இலக்கண விதி இல்லை. நல்ல ஆங்கில உரைநடையில் நெடுங்காலமாகவே வாக்கியங்கள் இவ்வாறு தொடங்கி வந்திருக்கின்றன. அளவோடு பயன்படுத்துங்கள், அவ்வளவே. உங்கள் நிறுவனமோ ஆசிரியரோ அதை ஏற்காவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: நெருங்கிய சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பழகுங்கள்

‘அஸ் எ ரிஸல்ட்’ நிகழ்வுகளுக்குப் பொருத்தமானது: இரவு முழுவதும் பனி கொட்டியது, அதன் விளைவாகச் சாலை மூடப்பட்டது. ‘தேர்ஃபோர்’ அனுமானத்துக்குப் பொருத்தமானது: முக்கோணத்தின் இரண்டு கோணங்கள் சமம், ஆகவே அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்களும் சமம். இந்த இரண்டாவது இடத்தில் ‘அஸ் எ ரிஸல்ட்’ என்று எழுதினால் கோணங்கள் ஏதோ செய்து பக்கங்களை மாற்றிவிட்டது போலத் தொனிக்கும். ‘ஹென்ஸ்’ சொல்லுக்கு வினையில்லாமல் பெயர்ச்சொல்லை மட்டும் ஏற்கும் வசதி உண்டு: ‘ஹென்ஸ் தி டிலே’, அதாவது ‘தாமதம் அதனால்தான்’. ‘ஸோ’ இவை எல்லாவற்றின் வேலையையும் செய்யும், ஆனால் அதன் தொனி பேச்சுத் தொனி.

எதிர்மறைச் சொற்களில் அதிகம் தவறாகப் பயன்படுவது ‘ஆன் தி கான்ட்ரரி’. முன்னே சொன்ன கூற்றை மறுத்து, நேர் எதிரானதே உண்மை என்று சொல்லும்போது மட்டும் அது பொருந்தும்: ‘தி டெஸ்ட் வாஸ் நாட் ஈஸி. ஆன் தி கான்ட்ரரி, இட் வாஸ் தி ஹார்டஸ்ட் ஆஃப் தி இயர்.’ தேர்வு எளிது என்ற எண்ணம் இங்கே மறுக்கப்படுகிறது. அண்ணன் உயரம், தம்பி குள்ளம் என்று இருவரை ஒப்பிடும் இடத்தில் மறுப்பு எதுவும் இல்லை. அங்கே ‘இன் கான்ட்ராஸ்ட்’ அல்லது ‘வேர்அஸ்’ வேண்டும். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ ஒரே விஷயத்தின் மறுபக்கத்தைக் காட்டுவது: வீட்டிலிருந்து வேலை செய்தால் பயண நேரம் மிச்சம், மறுபுறம் தனிமை. ‘நெவர்தலெஸ்’ தனக்கு முன் சொன்னதை உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதையும் மீறி இது நடந்தது என்கிறது. ஆகவே அது ‘ஹவெவர்’ சொல்லைவிட அழுத்தமானது, எண்ணிச் செலவிட வேண்டியது.

சேர்க்கும் சொற்களில் ‘மோரோவர்’ என்பதை ‘ஆல்ஸோ’ சொல்லின் பகட்டான வடிவமாக எண்ண வேண்டாம். ஒரே முடிவை நோக்கிச் செல்லும் வாதத்தில், முந்தையதைவிட வலுவான காரணத்தைச் சேர்க்கும்போது அது பொருந்தும். அறையில் ஒரு மேசை இருக்கிறது, ஒரு நாற்காலியும் இருக்கிறது என்ற வர்ணனையில் அதற்கு வேலையில்லை. அறை சிறியது, ‘மோரோவர்’ அதற்கு ஜன்னல்கூட இல்லை என்று சொல்லி, ஆகவே வேண்டாம் என்று முடிக்கும்போது அது தன் இடத்தில் நிற்கிறது.

‘ஃபார் எக்ஸாம்பிள்’ பலவற்றில் ஒன்றைக் காட்டும். ‘தட் இஸ்’ சொன்னதையே வேறு சொற்களில் விளக்கும். காலச் சொற்களில், பட்டியலின் முதல் கருத்துக்கு ‘ஃபர்ஸ்ட்’ போதும். ‘அட் ஃபர்ஸ்ட்’ என்றால் ‘ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறியது’ என்ற குறிப்பு கூடவே வரும். அதேபோலப் பட்டியலின் கடைசிக் கருத்துக்கு ‘லாஸ்ட்லி’ அல்லது ‘ஃபைனலி’. ‘அட் லாஸ்ட்’ நெடுநேரம் காத்திருந்தபின் ஒருவழியாக நடந்ததைச் சொல்வது. கட்டுரையின் இறுதிப் பத்தியை ‘அட் லாஸ்ட்’ என்று தொடங்கினால், எப்போது முடியும் என்று எழுதியவரே காத்திருந்தது போலாகிவிடும்.

‘வைல்’, ‘ஸின்ஸ்’ இரண்டுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. இரண்டும் காலத்தையும் குறிக்கும். முதலாவது எதிர்மறையையும், இரண்டாவது காரணத்தையும் குறிக்கும். ‘ஸின்ஸ் ஷீ லெஃப்ட், தி டீம் ஹேஸ் ஸ்ட்ரகிள்ட்’ என்ற வாக்கியத்தை அவர் போன நாளிலிருந்து என்றும் படிக்கலாம், அவர் போனதால் என்றும் படிக்கலாம். இப்படி இரண்டு பொருளும் ஒட்டும் இடத்தில் ‘பிகாஸ்’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

படி 6: எதை இறுதியில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள்

‘இட் வாஸ் ச்சீப் பட் ஸ்லோ’, ‘இட் வாஸ் ஸ்லோ பட் ச்சீப்’ இரண்டிலும் தகவல் ஒன்றே. முதலாவதைச் சொன்னவர் அந்தப் பொருளை வாங்க மாட்டார். இரண்டாவதைச் சொன்னவர் வாங்கக்கூடும். ‘பட்’ சொல்லுக்குப் பின்னால் வருவதே எழுதுபவரின் தீர்ப்பாக வாசகருக்குப் படுகிறது. ‘ஆல்தோ’ பயன்படுத்தும்போது தீர்ப்பு முதன்மை வாக்கியத்தில் இருக்கும், ‘ஆல்தோ’ ஏற்ற பகுதி ஒப்புக்கொண்டு ஒதுக்கிவைக்கப்பட்டதாக இருக்கும். ஒரு விண்ணப்பத்தில் உங்கள் குறையையும் நிறையையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல நேர்ந்தால், குறையை ‘ஆல்தோ’ பகுதியில் வையுங்கள்.

‘ஹவெவர்’ சொல்லை வாக்கியத்தின் நடுவே வைப்பதிலும் ஒரு நயம் உண்டு. ‘தி ஃபர்ஸ்ட் டெஸ்ட் ஸக்ஸீடட். தி செகண்ட், ஹவெவர், ஃபெயில்ட்’ என்று எழுதும்போது அதற்கு முன்னால் நிற்கும் ‘செகண்ட்’ மேல் வெளிச்சம் விழுகிறது. எதற்கும் எதற்கும் வேறுபாடு என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. நடுவே வரும்போது இரு பக்கமும் காற்புள்ளி வேண்டும்.

படி 7: இணைப்புச் சொல் இல்லாமலும் இணையுங்கள்

தேர்ந்த எழுத்தாளர்களின் ஆங்கிலத்தில் இணைப்புச் சொற்கள் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரு வாக்கியம் எதில் முடிந்ததோ அதிலிருந்து அடுத்ததைத் தொடங்குவது அவர்கள் கையாளும் முக்கியமான வழி. வாசகருக்குத் தெரிந்தது முன்னால், புதியது பின்னால் என்ற வரிசை தொடர்ந்தால் இணைப்பு தானாக நிகழும்.

இதற்கு மிகவும் உதவுவது, முன் சொன்னதைச் சுருக்கிப் பெயரிடும் சொற்றொடர்: ‘திஸ் டிலே’, ‘ஸச் எரர்ஸ்’, ‘தீஸ் ஆப்ஜெக்ஷன்ஸ்’. வெறும் ‘திஸ்’ என்று தொடங்கினால் அது முந்தைய வாக்கியத்தின் எந்தப் பகுதியைச் சுட்டுகிறது என்ற குழப்பம் எழும். அதன் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்ததும் குழப்பம் தீர்வதோடு, நடந்ததை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதும் வெளிப்படுகிறது. ஒரே நிகழ்வை ‘திஸ் டிலே’ என்றும் சொல்லலாம், ‘திஸ் ஃபெயிலியர்’ என்றும் சொல்லலாம். பத்தியிலிருந்து பத்திக்குத் தாவும்போது ‘ஃபர்தர்மோர்’ போன்ற ஒற்றைச் சொல்லைவிட இத்தகைய சொற்றொடரையே நான் பரிந்துரைப்பேன். ஒரு பத்தி முழுவதும் சொன்னதை ஒற்றைச் சொல்லால் தாங்கிப் பிடிக்க முடியாது.

படி 8: எழுதி முடித்தபின் எல்லாவற்றையும் நீக்கிப் பாருங்கள்

முதல் வரைவின்போது இணைப்புச் சொற்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். திருத்தும்போதுதான் இவை சீராகும். வரைவின் ஒரு நகலில் எல்லா இணைப்புச் சொற்களையும் அடித்துவிட்டு, சத்தமாக வாசியுங்கள். எங்கே தடுக்கவில்லையோ அங்கே அந்தச் சொல் தேவைப்படவில்லை என்று பொருள். எங்கே தடுக்குகிறதோ அங்கே முதல் படியில் செய்தது போல உறவைத் தமிழில் கேட்டு, உரிய சொல்லைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் முன்பிருந்த அதே சொல் திரும்பி வராது, வேறொன்று வரும்.

அதன் பிறகு இரண்டு விஷயங்களை மட்டும் சரிபாருங்கள். தொடர்ச்சியாக மூன்று வாக்கியங்கள் இணைப்புச் சொல்லும் காற்புள்ளியுமாகத் தொடங்கினால், அவற்றில் ஒன்றை ‘ஆல்தோ’ அல்லது ‘பிகாஸ்’ கொண்டு பக்கத்து வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள், அல்லது இணைப்புச் சொல்லை வாக்கியத்தின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். அடுத்து, ‘ஹவெவர்’ வகைச் சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு முழு வாக்கியங்களைப் பிரிக்கும் குறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் காது வளர்வதற்கு ஒரு பயிற்சி. நல்ல ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றை எடுத்து, இணைப்புச் சொற்களை வேறொருவரைக் கொண்டு அழிக்கச் சொல்லி, வெற்றிடங்களை நீங்களே நிரப்புங்கள். மூலத்தோடு ஒப்பிடும்போது உங்கள் சொல் வேறாக இருந்தால் உடனே அதைத் தவறு என்று குறித்துவிடாமல், அந்தச் சொல்லால் வாதம் எந்தப் பக்கம் சாய்கிறது, மூலத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் சொல்லே இல்லாத இடத்தில் நீங்கள் ஒன்றை வைத்திருந்தால், அதற்கு முன்னால் உள்ள வாக்கியம் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பாருங்கள்.